முதல் ஓட்டம் என்னுடைய முறை

ரக்பி லீக் என்றால் எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அது பந்தா மட்டையா என்றே தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. சுவிஸில், வில் என்ற ஊரில் நான் வேலை செய்த குழாய்த் தொழிற்சாலையில், வட இங்கிலாந்திலிருந்து வந்த மேற்பார்வையாளர் ஒருவர் அந்த விளையாட்டுக்கு ஒரு குழு சேர்த்துப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். என் கழுத்தையும் தோளையும் பார்த்துவிட்டு, ஓடத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. விழுந்தால் உடனே எழும்புவாயா என்றுதான் கேட்டார்.

ஒரு பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். அதில் முன்னணி ஆறு பேர் பாரம் கூடியவர்கள். பந்து வைத்திருக்கிற குழு ஆறு முறை பிடிபடலாம். அதற்குள் பந்தை முன்னே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அது எதிராளிக்கு. முதல் இரண்டு மூன்று ஓட்டம் எங்களைப் போன்ற தடியன்களுடையது. நேரே போய் மூன்று பேரோடு மோதி, பத்து மீற்றர் பிடுங்கிக்கொண்டு விழ வேண்டும். நாங்கள் விழுந்து விழுந்து பிடித்த நிலத்தில் பின்னணி மெலிந்தவர்கள் தலைமயிர் கலையாமல் ஓடிப் புள்ளி எடுப்பார்கள். படம் பிடிப்பதும் அவர்களைத்தான். எனக்கு இதில் இன்றைக்கும் எரிச்சல், ஏன் மறைப்பான்? முன்னணி சரிந்தால் எவ்வளவு வேகக்காரன் பின்னால் நின்றும் ஒரு பிரயோசனமும் இல்லை.

அந்த ஆறு பேரில் உண்மையான பாரம் இரண்டு பேர். ஒன்று நான். மற்றவர் என்னிலும் எட்டு வயது மூத்த மட்டக்களப்பு அண்ணை. முதியோர் இல்லமொன்றில், படுக்கையிலிருந்து ஆட்களைத் தூக்கி இருத்துகிற வேலை அவருக்கு. எதிராளி உதைத்துவிடுகிற பந்தை எடுத்துக்கொண்டு போகிற முதல் ஓட்டம்தான் ஆகக் கொடுமை. அவர்கள் முழு வேகத்தில் எதிரே வருவார்கள். அதை நாங்கள் இருவரும் முறை வைத்து எடுத்தோம். ஒருமுறை அவர், ஒருமுறை நான். அட்லிஸ்வில் முருகன் கோயிலில் சாமியைத் தோளில் காவும்போதும் வாகனத்தைத் தாங்கும் முன் கொம்பில் நாங்கள் இருவரும்தான், வலப்பக்கம் அவர், இடப்பக்கம் நான். எங்கள் உயரம் ஒன்று.

அந்த ஒக்டோபரில் அவர் விளையாட்டை விட்டுவிட்டார். மனைவியையும் மகளையும் இங்கே கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தார். அது சரிவர வேலை நிரந்தரமாக வேண்டும், வேலை நிரந்தரமாகத் தோள் வேண்டும். இவ்வளவையும் எனக்கு அவர் விளக்கமாகச் சொல்லியிருந்தார். இருந்தும் கடைசி ஆட்டத்துக்கு முன்னணியில் ஆள் இல்லையென்று பயிற்சியாளர் புலம்ப, நான்தான் அவருடைய அறைக்குப் போனேன். நீங்கள் இல்லாவிட்டால் எங்களை மிதித்துவிட்டுப் போவார்கள், இந்த ஒரு ஆட்டம் மட்டும் என்று கெஞ்சினேன். பிளேன்டீ ஊற்றித் தந்துவிட்டு, சரி வாறன் என்றார்.

மழை. பக்கத்து வயலுக்கு அடித்த மாட்டுச் சாணி மணம். முடிய இன்னும் பத்து நிமிடம் இருக்க நாங்கள் புள்ளி எடுத்துச் சமன் செய்தோம். இந்த விளையாட்டில் புள்ளி கொடுத்தவர்கள்தான் திரும்ப உதைப்பார்கள், ஆகவே பந்து எங்களுக்கு வரப்போகிறது. முதல் ஓட்டம் என்னுடைய முறை. எதிரே நின்ற மூன்று பேரைப் பார்த்தேன். பயந்துவிட்டேன் என்பதுதான் உண்மை. குனிந்து சப்பாத்து லேஸைக் கட்டினேன். அது அவிழ்ந்திருக்கவில்லை.

நிமிரும்போது அண்ணை பந்தோடு ஓடிக்கொண்டிருந்தார். மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. எழும்பினார். பிடிபட்டவன் பந்தை நிலத்தில் வைத்துக் காலால் பின்னே உருட்டிவிட வேண்டும் என்பது விதி. வலக்கை தொங்க, இடக்கையால் பந்தை வைத்து ஒழுங்காக உருட்டிவிட்டு, பிறகுதான் சேற்றில் குந்தினார். அந்தப் பந்திலேயே எங்கள் மெலிந்த பையன் ஒருவன் ஓரத்தால் ஓடிப் புள்ளி எடுத்தான். வென்றோம். எல்லாரும் அவனைக் கட்டிப்பிடித்தார்கள்.

தோளில் சத்திரசிகிச்சை செய்தார்கள். மாதக்கணக்கில் தூக்க முடியாது என்றார்கள். அவருடைய வருட ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. விண்ணப்பமும் திரும்பி வந்தது. நான் கிழமைக்கு ஒருமுறை சாமான் வாங்கிக்கொண்டு போவேன். லேஸ் கதையை மட்டும் எடுக்கமாட்டேன்.

அடுத்த கோடையில் கோயில் திருவிழா. வலப்பக்க முன் கொம்புக்கு என்னைவிட ஒரு சாண் கட்டையான ஒருவரை விட்டார்கள். பாரமெல்லாம் அவர் பக்கம் சரிய, சாமி ஆடிக்கொண்டே வந்தது. அண்ணை காவுபவர்களுக்கு இடக்கையால் தண்ணீர்ப் போத்தல் கொடுத்துக்கொண்டு கூட வந்தார். மேற்கு வீதியில் இறக்கி வைத்தபோது எனக்கும் ஒன்று நீட்டினார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

“அண்ணை, அண்டைக்கு என்ர லேஸ் அவிழேல்லை.”

“தெரியும். நான் பாத்தனான்.”

“பிறகேன் ஓடினீங்கள்?”

“பந்து வந்திட்டுது. ஆரோ ஒராள் எடுக்கத்தானே வேணும்.”

என்னைத் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவர் திட்டவில்லை. படியில் வழுக்கி விழுந்ததாகத்தான் மகளுக்குச் சொல்லியிருப்பதாகவும், விளையாடப் போன கதை மனைவிக்குக்கூடத் தெரியாது, நானும் வாய் தவறிச் சொல்லிவிடக்கூடாது என்றும் சொன்னார். அதற்குள் மேளம் தொடங்கிவிட்டது. கொம்புக்கு ஆள் கூப்பிட்டார்கள். நான் அசையாமல் நின்றேன். என் கையிலிருந்த போத்தலை அவர் இடக்கையால் வாங்கிக்கொண்டார்.

“போ,” என்றார். “இது உன்ர முறை.”