கிளிகளுக்கு நடுவே

போன வாரம் கல்யாணப் பத்திரிகையோடு ஒரு பெண் வந்தாள். நாகலாபுரம் பக்கத்து ராமலட்சுமியின் மகளாம். உறைமேல் என் பெயரை அழகாக எழுதியிருந்தாள். அம்மா வரவில்லையா என்று கேட்டேன். "அம்மா போன பங்குனியில தவறிட்டாவ, பெரியம்மா" என்றாள்.

எழுந்துபோய் பீரோவைத் திறந்தேன். அந்துருண்டை வாசத்தோடு அந்த இரண்டு தலையணை உறைகளும் வந்தன.

அந்த ஊரில் நான் நர்ஸாக இருந்தபோது ராமலட்சுமி தந்தவை அவை. அவளுக்கு வலி கண்ட அன்று நல்ல மழை. கரிசலில் மழை பெய்தால் ஜீப் எங்கே ஊருக்குள் வரும்? கட்டிலோடு தூக்கித்தான் தார் ரோட்டுக்குக் கொண்டுபோனோம். என் செருப்பு ஒன்று இன்னும் அந்தச் சேற்றில்தான் கிடக்கிறது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். செருப்பு போனால் போகிறது.

பிள்ளைக்குத் தலை நின்றதும் உறைகளோடு வந்தாள். ஒவ்வொன்றிலும் எதிரெதிரே இரண்டு பச்சைக் கிளிகள். ஒரு கிளி கோழி மாதிரிக் கொழுத்திருந்தது. நடுவில் பெயர் தைப்பதுதான் அப்போது வழக்கம். அந்த இடம் காலியாக இருந்தது. நூல் தீர்ந்துவிட்டதா என்று கேலி செய்தேன்.

"எங்க அத்தை பேருல்லா ஒங்க பேரும். வாயால சொல்லக் கூடாத பேரை ஊசியால மட்டும் எழுதலாமா, நர்சம்மா?" என்றாள். பிறகு மடியிலிருந்த பிள்ளையைக் காட்டினாள். "இவ பேத்தி. இவளுக்குத் தோசமில்ல. எழுத்துப் படிக்கட்டும், எழுதித் தாரோம்."

அதற்குள் எனக்கு மாற்றல் வந்துவிட்டது. கோவில்பட்டியிலிருந்து அந்தப் பக்கம் பஸ்ஸுக்கா பஞ்சம்? போகணும் போகணும் என்றே காலம் போய்விட்டது. நினைத்தால் மனசு ஆறவில்லை.

அன்று மடியிலிருந்த அந்த மகள் கதையைக் கேட்டுவிட்டு கொழுத்த கிளியைத் தடவிக்கொண்டே இருந்தாள். அம்மா தைத்தது வீட்டில் ஒன்றுகூட இல்லையாம். யார் ஒரு உதவி செய்தாலும் தைத்துக் கொடுத்துவிடுவாளாம்.

"கொண்டுபோயி ஒங்க பேரை எழுதிட்டு வாரேன், பெரியம்மா" என்றாள்.

எனக்கும் ஆசைதான். ஆனாலும், "எம் பேரு வேண்டாம். ஒங்க அம்மா பேரை எழுதி ஒன் கட்டில்ல போட்டுக்கோ" என்றேன்.

பென்சில் வாங்கி அங்கேயே எழுதிப் பார்த்தாள். கிளிகளுக்கு நடுவே இடம் சரியாக இருந்தது. பார்த்துச் சிரிக்கத்தான் ராமலட்சுமி இல்லை.