ஜெயில் ரிஜிஸ்டரில் தாத்தா

எங்கள் தாத்தா ஜெயிலுக்குப் போனவர்தான் என்று நிரூபிக்க அம்மா ஒரு கோடை முழுக்க அலைந்தாள். மற்ற வீடுகளில் இதை மறைக்கத்தான் அலைவார்கள். எங்கள் வீட்டிலும் அதுவரை அந்த வேலைதான் சிறப்பாக நடந்துவந்தது.

அக்கா பிளஸ் டூவில் நல்ல மார்க். நர்சிங் சேர எஸ்.டி. சான்றிதழ் வேண்டும். நாங்கள் கல்வராயன் மலைக்காரர்கள், சாதிப் பெயர் மலையாளி. கேரளாவுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பின்னாளில் காலேஜில் இதை விளக்கியே எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. தாத்தா காலத்திலேயே மலையிறங்கி கச்சிராயபாளையம் பக்கம் வந்துவிட்டோம். அதுதான் சிக்கல். "கீழ இருக்கறவங்களுக்கு எப்பிடிம்மா குடுக்கறது? பழைய ஆதாரம் எதனா கொண்டா" என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். நிலம் இல்லை, பத்திரம் இல்லை, அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் போனவரும் இல்லை. ஆதாரம் எங்கிருந்து வரும்?

மலையில் ஒரு சாவுக்குப் போன இடத்தில் வந்தது. சொந்தக்காரக் கிழவர் ஒருவர் வெற்றிலை மென்றபடி அம்மாவிடம் சொன்னார். "உன் மாமனாரு ஆடு திருட்டு கேஸ்ல உள்ள போனாரே, அப்பதான குடும்பமே கீழ எறங்கிச்சு." சுதந்திரம் வந்து பல வருஷம் கழித்து நடந்ததாம். அம்மா அதிர்ச்சியடையவில்லை. அடுத்த வாரமே, அப்போது இரண்டாங்கிளாஸ் படித்த என்னை இழுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி கோர்ட் வாசலில் மனு எழுதுகிறவர் முன்னால் போய் உட்கார்ந்தாள். கடலூர் ஜெயிலில் ஆளைச் சேர்க்கும்போது பேர், அப்பன் பேர், ஊர், சாதி, அங்க அடையாளம் எல்லாம் எழுதுவார்கள் என்றார் அவர்.

"சாதி எழுதுவாங்களா?" என்று அம்மா மறுபடி கேட்டாள். லாட்டரி அடித்தவள் முகம் அப்படித்தான் இருக்கும்.

அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். வீட்டுக்குப் பெரியவர் அவருடைய அண்ணன், என் பெரியப்பா. கரும்புத் தோட்டங்களுக்குக் காவல்காரர். ஊரில் பாதிப் பேருடைய மோட்டார் கொட்டகைச் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். "எங்கப்பா எந்த ஜெயிலுக்கும் போவல. பித்து புடிச்சிக்கினு அலையாத" என்று கத்தினார்.

அம்மா அவரிடம் நேராகப் பேசமாட்டாள். என்னைப் பார்த்துச் சொன்னாள். "உங்க பெரியப்பாகிட்ட சொல்லுடி. போவலன்னா ரொம்ப சந்தோஷம். நான் எதுக்கும் ஒரு தபா போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

பெரியப்பா இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். இருந்தாலும் நான் அதை முழுசாகத் திருப்பிச் சொன்னேன்.

கடலூர் ஜெயில் ஆபீசில் வருஷம் கேட்டார்கள். தெரியாது. அம்மா மலைக்கே திரும்பப் போய்க் கிழவரைப் பிடித்தாள். பெரியப்பாவுக்குப் பால்பல் விழுந்த வருஷம் என்றார். அம்மா பெரியப்பா வயதை வைத்துக் கூட்டிக் கழித்து, முன்னே பின்னே சில வருஷங்களைச் சேர்த்துக்கொண்டு மறுபடி கிளம்பினாள். பெரியப்பா மகன்தான், அவனை அண்ணன் என்பேன், எங்களை பைக்கில் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விடுவான். அவனுக்கு டிராக்டரில் கரும்பு லோடு ஏற்றுகிற வேலை.

"இன்னா சித்தி, இன்னிக்கும் ஜெயிலா? எப்பதான் ரிலீஸ் பண்ணுவாங்க உன்ன?"

"வாய மூடிக்கினு ஓட்டுடா."

ஆபீசில் கிளார்க் பேரைக் கேட்டார். அம்மா என் முதுகில் இடித்தாள். மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. ஜெயில் கேட்டைத் தாண்டி வந்தவளுக்கு அந்தக் கோட்டை மட்டும் தாண்ட முடியவில்லை. என்னை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு அலைந்ததே இதற்குத்தான் என்று அப்போதுதான் விளங்கியது. ரைம்ஸ் ஒப்பிக்கிற குரலில் தாத்தா பேரைக் கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

கிளார்க் பழைய ரிஜிஸ்டர்களைத் தூசி பறக்கப் பறக்கத் தேடினார். மதியத்துக்கு மேல் அவர் விரல் ஒரு வரியில் நின்றது. பேர் சரி, அப்பன் பேர் சரி, மலையில் ஊரும் சரி. இடது கன்னத்தில் கரடி கீறிய தழும்பு. எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டும்போது சொல்லப்படும் அதே கரடி. குற்றம், ஆடு திருடியது.

"ஆட்ட விடுங்க சார். சாதி தெளிவா கீதா?" என்றாள் அம்மா.

மலையாளி. தெளிவாக இருந்தது.

நகல் கிடைத்தும் வேலை முடியவில்லை. அந்தக் கைதிதான் எங்கள் தாத்தா என்று யாராவது சொல்ல வேண்டுமே? ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ., விசாரணைக்கு வந்தார். சாயங்காலம், பால் சொசைட்டி வாசல். கேனோடு ஊரே நின்றது. நகலைப் பெரியப்பாவிடம் நீட்டி, "இது உங்க அப்பாவா?" என்று கேட்டார். பெரியப்பா தரையையே பார்த்தார்.

அம்மா என்னை இடிக்கவில்லை. ஓரடி முன்னால் வந்து, மாமனாரின் முழுப்பேரையும் சத்தமாகச் சொன்னாள். "ஆடு திருட்டு கேஸ்ல ஜெயிலுக்குப் போனவரு. எங்க மாமனாரு. இதோ நிக்கிறாரே, இவரப் பெத்தவரு."

பால் ஊற்றிக்கொண்டிருந்தவர் கேனைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"ஆமா சார்" என்றார் பெரியப்பா. "எங்கப்பாதான்."

ஆர்.ஐ. ஃபைலைப் புரட்டினார். "ரெண்டு வருஷம் முன்ன உங்க பையன் பாலிடெக்னிக்குக்கு சர்டிபிகேட் கேட்டான் இல்ல? அப்போ ஒரு ஆதாரமும் இல்லன்னு நீங்கதான கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க?"

"அப்ப சொல்ல வாய் வரல சார்."

மோட்டார் வைத்திருந்த ஒருவர், "யோவ், திருடன் புள்ளகிட்டயாய்யா இத்தினி நாளா சாவியக் குடுத்து வச்சிருந்தோம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து ஒரு கேன் மூடிமேல் வைத்தார். "அட, வெளாட்டுக்குச் சொன்னா... எடுத்து வச்சிக்கய்யா" என்று அவரே பதறினார். பெரியப்பா எடுக்கவில்லை.

கையெழுத்தெல்லாம் முடிந்தது. அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வேகமாக நடந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அண்ணன் சொசைட்டிச் சுவரோரம் பைக்கின்மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். நான் ஓடிப்போய்ப் பின்சீட்டில் ஏறினேன். அவன் வண்டியை ஸ்டார்ட் செய்யவில்லை. ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. இறங்கி, என்னையும் இறக்கிவிட்டு, ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே நடக்க ஆரம்பித்தான். கொஞ்ச தூரம் பின்னால் பெரியப்பா வந்துகொண்டிருந்தார். அண்ணன் திரும்பியே பார்க்கவில்லை.

பெட்ரோல் தீர்ந்துவிட்டது போல என்று நினைத்து, நானும் பின்னாலிருந்து பலமாகத் தள்ளிக்கொண்டு போனேன்.