வருஷம் எழுதாத பேனர்

மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த ஆக்னஸ், மாதாப்பூரில் மாநாடு நடத்திக் கொடுக்கிறவள். குப்பை சேராத மாநாடு என்றால் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். அங்கே பிளாஸ்டிக் பாட்டில் தலைகாட்டாது. மதியச் சாப்பாட்டுக்கு யார் இருப்பார்கள், யார் நழுவுவார்கள் என்று முன்னாலேயே கேட்டுவிடுவதால் பிரியாணி அண்டா காலியாகத்தான் திரும்பும். கழுத்தில் மாட்டிய அடையாள அட்டையை வாசலில் திருப்பி வாங்காமல் எவ்வளவு பெரிய ஆளையும் விடமாட்டாள்.

இந்தப் பேரெல்லாம் சும்மா வந்துவிடவில்லை. அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய மாநாடு கண் மருத்துவர்கள் சங்கத்தினுடையது. அது கைநழுவியிருந்தால் கடையைக் கட்டிவிட்டு எங்காவது ஆபீஸில் வேலை தேடியிருக்க வேண்டியதுதான். சங்கத் தலைவர் டாக்டர் வரதராஜன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பேனரில்தான் முரண்டு பிடித்தார். மேடை அகலத்துக்கு ஃப்ளெக்ஸ் வேண்டும். அதில் வருஷம், தன் பெயர், கோட்டு போட்ட படம் எல்லாம் இருக்க வேண்டும். பாவம், அந்தப் பதவிக்கு எத்தனையோ வருஷம் காத்திருந்த மனுஷர். ஆசை இருக்காதா?

ஆக்னஸுக்கு வாயில் மெட்டுகுடாப் பேச்சு வந்துவிட்டது.

“நக்கோ சார், வேணாம். உங்க படத்தைப் போட்டா அன்னிக்கு சாயங்காலமே அது குப்பை வண்டியில போகும். வருஷமும் உங்க பேரும் இல்லாம சங்கத்துப் பேரை மட்டும் துணியில எழுதினா, வருஷா வருஷம் மாட்டலாம்.”

உங்கள் இஷ்டம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு டாக்டர் எழுந்துபோனார். நீலத் துணியில் சங்கத்தின் பெயர் மட்டும் ஏறியது. மாநாடு முடியும்வரை அவர் அவளிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள் என்றே அவள் முடிவுகட்டிவிட்டாள்.

கூப்பிட்டார்கள். புதுத் தலைவர் நந்தகுமாருக்கும் அதே ஃப்ளெக்ஸ் ஆசை. ஸ்டுடியோவில் படம்கூட எடுத்து வைத்திருந்தார். சங்கக் கூட்டத்தில் ஆக்னஸ் வாயைத் திறக்கும் முன் வரதராஜன் முந்திக்கொண்டார்.

“என் வருஷத்துல என் மூஞ்சி இல்ல. இவர் மூஞ்சி மட்டும் எதுக்கு? அந்தத் துணியே போதும்.”

துணியே ஏறியது. பொறாமையும் சில சமயம் ஊருக்கு நல்லது செய்துவிடுகிறது. அதற்குப் பின் வந்த தலைவர் ஒருவருக்கும் ஃப்ளெக்ஸ் கிடைக்கவில்லை. முன்னாள் தலைவர்கள் எல்லாரும் சேர்ந்து அதைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஒவ்வொரு தடவையும் ஆக்னஸ் அந்தத் துணியைத் தானே மடித்து, மெட்ரோவில் வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்து வைக்கிறாள். ஓரத்தில் பட்ட, பிரியாணிக்கு ஊற்றும் சாலன் குழம்பின் கறை மட்டும் போகவே இல்லை. இந்த வருஷம் ஏணியில் ஏறி அதைக் கட்டிக்கொண்டிருந்தபோது, புதிதாக வந்த ஸ்ரீஜா என்ற இளம் டாக்டர், இவ்வளவு பழசை ஏன் மாட்டுகிறார்கள் என்று கீழே யாரிடமோ கேட்டாள். அது வரதராஜன் பேனர், அதை மாற்ற மாட்டார்கள் என்று பதில் வந்தது.

ஆக்னஸ் திரும்பிப் பார்த்தாள். முன்வரிசையில் இருந்த வரதராஜன் காதிலும் அது விழுந்திருந்தது. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து மேடையருகே வந்தார்.

“வலது பக்கம் இறங்கியிருக்கும்மா. நம்ம பேனரை நல்லா ஏத்திக் கட்டு.”

ஆக்னஸுக்குப் பெருமை தாங்கவில்லை. கயிற்றை இழுத்து இறுக்கிக் கட்டினாள்.