மூடி போட்ட குழாய்

இதைச் சொல்வதால் எனக்கு ஒரு லாபமும் இல்லை. நஷ்டம்தான். விஷயம் தெரிந்த பிறகு வட இங்கிலாந்தில் எங்கள் டாட்மார்டன் ஊரில் பாதிப் பேர் என்னைத் தங்கள் வீட்டு பாய்லர் பக்கமே விடுவதில்லை. பொய் சொல்லும் எண்ணம் இருந்தால் என்னை நல்லவனாகக் காட்டும் பொய்யாகப் பார்த்துச் சொல்லியிருப்பேன். இது நடந்தது. என் கையால் நடந்தது.

டிசம்பர் பதினான்கு. பிற்பகல் 3.10. எங்கள் பக்கத்தில் அந்த நேரத்துக்கே விளக்குப் போட்டாக வேண்டும். பழைய ஆலைத் தெருவின் கடைசி வீடு. கதவைத் திறந்தவர் ஹார்ஸ்ஃபால், எழுபதைத் தொடும் ஆள். கோட்டும் கம்பளிக் குல்லாயும் வீட்டுக்குள்ளேயே மாட்டியிருந்தார்.

“வந்தியா மெல்வின்? குளிர்ல விறைச்சுப்போய்க் கெடக்கேன். பாய்லர்ல தினமும் பிரஷர் போயிடுது. தண்ணி ஏத்தி வச்சா, விடியறதுக்குள்ள முள்ளு பூச்சியத்துல படுத்துக்குது.”

“எங்கயாவது ஈரம் தெரியுதா?”

“பொட்டு ஈரம் இல்லப்பா.”

என் பெயர் இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை. மாதம் நாற்பது வீடு ஏறி இறங்குகிறவன் நான். எல்லா வீடும் எனக்கு ஒரே வீடுதான்.

வீட்டைச் சூடாக்கும் பாய்லர் தண்ணீர் குழாய்களிலும், அறைக்கு அறை சுவரோரம் நிற்கும் ரேடியேட்டர்களிலும் சுற்றிச் சுற்றித்தான் வரும். வெளியே போக அதற்கு வழியில்லை. பிரஷர் குறைகிறதென்றால் எங்கோ தண்ணீர் போகிறது, அவ்வளவுதான் கணக்கு. முள்ளை ஒன்றரைக்கு ஏற்றினேன். பாய்லருக்கு அடியில், வீட்டுக் குழாய்களுக்குப் போகும் இரண்டு வால்வுகளையும் அடைத்துவிட்டு இருபது நிமிஷம் காத்திருந்தேன். முள் கடுகளவும் அசையவில்லை. அப்படியென்றால் பாய்லர் மேல் குற்றமில்லை. கோளாறு வீட்டுக் குழாயில்.

3.40. வால்வுகளைத் திறந்தேன்.

3.52. மாடியில் சத்தம்.

டக்... டக்... டக்...

“குழாய் விரியுது” என்றேன். சூடேறும்போது செம்புக் குழாய் விரிந்து இப்படித் தட்டும். இருபத்திரண்டு வருஷமாகச் சத்தம் கேட்டுப் பயப்படும் எல்லா வீட்டுக்காரர்களிடமும் இதைத்தான் சொல்கிறேன். நான் யோசிக்கும் முன்பே வாய் சொல்லிவிடும்.

ஹார்ஸ்ஃபால் சிரித்தார். “அன்னைக்கும் இதையேதான் சொன்ன.”

வயசாகிவிட்டது, உளறுகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. நான் இன்னும் பாய்லரைப் பற்றவைக்கவே இல்லை. குழாயைத் தொட்டுப் பார்த்தேன். பனிக்கட்டி. சில்லிட்டுக் கிடக்கும் குழாய் விரியாது.

டக்... டக்...

நின்றது. முள் மெல்ல இறங்கியது. ஒரு கோப்பை தண்ணீர் பிடித்தால் எவ்வளவு இறங்குமோ, அவ்வளவு.

வீட்டில் ஆறு ரேடியேட்டர். ஆறையும் தடவிப் பார்த்தேன். காய்ந்து கிடந்தன. மாடியில் பின்பக்கம் ஒரு சின்ன அறை மட்டும் பாக்கி. பூட்டியிருந்தது. கதவிடுக்கு முழுக்க அகலமான டேப் ஒட்டியிருந்தது.

“இது?”

“சாமான் ரூம். சாவி தொலைஞ்சுபோச்சு.”

“டேப் எதுக்கு?”

“காத்து உள்ள வருது.”

4.05. கதவுக்கு வெளியே தரைப் பலகையைப் பெயர்த்தேன். அந்த அறைக்குப் போகும் இரண்டு குழாய்களும் அறுக்கப்பட்டு, இருபக்க நுனியிலும் மூடி போடப்பட்டிருந்தன. அறைக்குள் சொட்டுத் தண்ணீர் போக வழியில்லை.

பலகையின் அடியில் பேனா எழுத்து. அது எங்கள் தொழில் வழக்கம். அடுத்து வருகிறவன் திட்டாமல் இருக்கத் தேதியும் பெயரும் எழுதிவைப்போம். டார்ச்சைக் காட்டினேன்.

டிசம்பர் 11. இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி.

மெல்வின்.

என் கையெழுத்து.

“சுத்தமான வேலை. அதனாலதான் மறுபடியும் உன்னையே கூப்பிட்டேன்” என்றார் அவர். “ரெண்டு வருஷம் முள்ளு அசையல. இந்த மாசந்தான் ஆரம்பிச்சிருக்கு.”

எல்லாம் ஞாபகம் வந்தது. இதே புகார். இதே தட்டல். “குழாய் விரியுது.” அறை பூட்டியிருந்ததால் வெளியிலிருந்தே குழாயை அறுத்து மூடினேன். பத்து நிமிஷ வேலை. அறுக்க அறுக்கத் தட்டல் வேகமானது. எரிச்சலில் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். போகும்போது அவர் கொடுத்த கிறிஸ்துமஸ் பணியாரம் இரண்டைத் தின்றேன்.

“உங்க வீட்டம்மா எங்க?”

“வினிஃப்ரெடா? தங்கச்சி வீட்டுக்குப் போனா. வரல.”

“எப்போ போனாங்க?”

“அந்த டிசம்பர்லதான்.”

டக்.

என் விரல் அந்த மூடி மேல் இருந்தது. விரலுக்கு நேர் அடியில்...

டக்.

கதவுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் சத்தம்.

பிறகு, விழுங்கும் சத்தம்.

களக்... களக்...

கையில் சுத்தியல் இருந்தது. கதவை உடைத்திருக்கலாம்.

ஓடினேன்.

4.16. வண்டியிலிருந்து போலீசுக்குப் போன் செய்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு பெண் போலீஸ் என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து மீதியைச் சொன்னார்.

வினிஃப்ரெட் குளிர் தாங்காமல் வீட்டுச் சூட்டைக் கூட்டிக்கொண்டே இருப்பாராம். “ரெண்டு நாள்ல புத்தி வரட்டும்னு பூட்டினேன். பூட்டினப்புறம் தொல்லை இல்ல, அப்படியே விட்டுட்டேன்” என்றிருக்கிறார் ஹார்ஸ்ஃபால். பூட்டியது டிசம்பர் 2. சாப்பாடு இல்லை. தண்ணீர் இல்லை. அந்த அம்மாள் ரேடியேட்டர் ஓரத்துக் காற்றை வெளியேற்றும் திருகைக் கத்தரிக்கோல் முனையால் திருப்பி, அந்தக் கறுத்த துருத் தண்ணீரைக் கோப்பையில் பிடித்துக் குடித்திருக்கிறார். குடிக்கக் குடிக்கக் கீழே பாய்லரில் முள் இறங்கியிருக்கிறது.

சுவரில் நாளுக்கு ஒரு கோடு கீறியிருந்தார். பத்தாவது கோட்டுக்குப் பக்கத்தில் நான்கு சொல். “யாரோ ஒருவர் வந்திருக்கிறார். தட்டுகிறேன்.”

அதன் பிறகு மூன்றே கோடுகள்.

“அறைக்குள்ள கெடந்த அந்தம்மா இறந்து ரெண்டு வருஷமாச்சு. அதுல டாக்டருக்குச் சந்தேகமே இல்ல” என்றார் அந்தப் பெண். குரல் தணிந்தது. “ஆனா கோப்பை நிறையக் கறுப்புத் தண்ணி இருந்துச்சு மெல்வின். அப்புறம்... கடைசிக் கோட்டுக்குக் கீழ ஒரு வரி. அது மட்டும் புதுசு. கீறினப்ப உதிர்ந்த சுண்ணாம்புத் தூள் தரையில அப்படியே கெடந்துச்சு.”

“என்ன வரி?”

போனில் எடுத்த படத்தைக் காட்டினார்.

“மறுபடியும் அவரே வந்திருக்கிறார்.”