உள்ளே நின்ற மீன்

"கேப்டன் பக்ரி, நைல் நதியின் புதல்வர். உயர்ந்து மெலிந்த தோற்றமும் ஆழ்ந்த மௌனமும் உடையவர். அஸ்வான் முதல் எஸ்னா வரையுள்ள கோயில்களையும் கல்லறைகளையும் இளமை முதல் உள்ளும் புறமும் அறிந்தவர்."

ஒரு பயண நிறுவனம் வழவழப்பான தாளில் இப்படி அச்சடித்திருந்தது. பக்ரி என் அக்கா நப்ராவின் கணவர். குட்டையான மனிதர், உட்கார்ந்தாலும் நின்றாலும் உயரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. மௌனத்தைப் பொறுத்தவரை, அவர் தூக்கத்திலும் பேசுவார் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். தாளில் இருந்த படமும் அவருடையதல்ல. பக்கத்துப் படகில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஒருவரைப் பிடித்து, தலைப்பாகையைச் சரிசெய்து எடுத்தது. "கேப்டன்னா அவன மாதிரிதான் இருக்கணும்," என்று பக்ரியே ஒப்புக்கொண்டார்.

உயரமும் மௌனமும் போகட்டும். அந்தத் தாளில் உள்ள மிகப் பெரிய பொய் கடைசி வரி. வேடிக்கை என்னவென்றால், அதை யாரும் பொய்யாகச் சொல்லவில்லை.

எங்கள் ஊர்ப் படகுக்காரர்கள் பேச்சில் கரை என்பது வெளியே. நடு ஆறு என்பது உள்ளே. "அவர் எங்கே?" என்று கேட்டால் "உள்ள போயிருக்கார்" என்பார்கள், வீட்டுக்குள் தேடிப் பயனில்லை, ஆற்றைப் பார்க்க வேண்டும். நிறுவனத்துக்காரர் கெய்ரோவிலிருந்து வந்தவர். "கோயில் பக்கமெல்லாம் போவீங்களே, உள்ளே போயிருக்கீங்களா?" என்று கேட்டிருக்கிறார். "பொறந்ததுலேந்து உள்ளதான் இருக்கேன்," என்றார் பக்ரி. நிறுவனத்துக்காரர் அப்படியே எழுதிக்கொண்டார். முடிந்தது.

உண்மையில் பக்ரி ஒரு கோயிலின் வாசல்படியைக்கூட மிதித்ததில்லை. பயணிகள் இறங்கிப் போவார்கள். ரயிஸ், அதாவது படகின் தலைவர், படகோடு இருப்பார். அதுதான் முறை. பெரிய கப்பல் ஏதாவது கடந்துபோனால் எழும் அலை, கரையில் படகைக் கட்டிய முளையைப் பிடுங்கிவிடும். கூட வேலை செய்யும் ஹஸபல்லாவை விட்டுவிட்டுப் போகலாமே என்றால், ஹஸபல்லா படகில் இருந்தால் படகில் யாரும் இல்லை என்றே பொருள். அவன் சமைப்பான், சிரிப்பான், தூங்குவான்.

இதே சொல்தான் வீட்டிலும் வினையாகியிருந்தது. கல்யாணமான புதிதில், முதல் பயணம் முடித்து வந்தவரிடம் அக்கா தேநீரைக் கொடுத்துவிட்டு, "உள்ள என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள். அவள் கேட்டது கோயிலை. எங்கள் வீடு ஆற்றிலிருந்து தள்ளி, தானிய வியாபாரம் செய்கிற வீடு. படகுப் பேச்சு அவளுக்குப் பழக்கமில்லை. அவர் யோசித்துச் சொன்னார்: "பச்சையா இருந்துச்சு. மேல முழுக்க வெளிச்சம் ஆடிக்கிட்டே இருந்துச்சு. பெரிய மீன் ஒண்ணு, அசையாம நின்னுச்சு. யாரோ பேசறத ஒட்டுக் கேக்கற மாதிரி."

அக்கா அன்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் அந்தப் பச்சைக் கூரையையும் கல் மீனையும் நினைத்துக்கொண்டிருந்தாளாம். மறுநாள் ரொட்டி சுடும் இடத்தில் அண்டை வீட்டுப் பெண்களுக்குச் சொன்னாள். அவர்கள் மாவைப் போட்டுவிட்டுக் கேட்டார்கள். பக்ரிக்கு விஷயம் தெரிந்தபோது தெரு முழுக்க மீன் நீந்திக்கொண்டிருந்தது.

திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அதே தேநீர், அதே கேள்வி. அவரும் பார்த்ததைச் சொன்னார்: கொக்கு ஒற்றைக் காலில் நின்றது, காலையில் தங்கம் உருக்கி ஊற்றினாற்போல் இருந்தது, சாயங்காலம் ஊதாவாகிவிட்டது. கோயிலில் இப்படியெல்லாம் நிறம் மாறுமா என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. கல்யாண வீடுகளில், துக்க வீடுகளில், பிள்ளைக்குப் பெயர் வைக்கும் வீடுகளில் அக்காவைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்தார்கள். நப்ரா சொல்லக் கேட்பதற்கென்றே அக்கரையிலிருந்து வந்தவர்கள் உண்டு.

இவ்வளவும் நிறுவனத்தின் தாள் வரும்வரை சுகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதை அக்காவுக்குப் படித்துக் காட்டியவன் நான். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அச்சில் வந்த எதையும் உரக்கப் படிக்கும் பழக்கம் அந்தத் தொழிலில் ஒட்டிக்கொள்வது.

"உள்ளும் புறமும்னு போட்டிருக்கா?" என்றாள்.

"போட்டிருக்கு."

அவள் புருஷனைப் பார்த்துத் திரும்பினாள். "ஊரு உலகத்துப் பொம்பளைங்களையெல்லாம் கூட்டிட்டுப் போயிட்டீங்க. என்னைய எங்க கூட்டிட்டுப் போனீங்க? மாவு மில்லுக்கு."

"அது நல்ல மில்லு நப்ரா."

"படகு எஸ்னாவுக்கு, பலகை இடுக்கெல்லாம் அடைக்கிற கலப்பற்று வேலைக்குக் காலியாத்தான போகுது? நானும் வரேன். தம்பியும் வரட்டும், சுவத்துல எழுதியிருக்கறதப் படிச்சுச் சொல்வான்."

சுவரில் எழுதியிருப்பது எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பக்ரியின் முகத்தைப் பார்த்தபோது, அன்று அந்த வீட்டில் ஒரு பொய்க்கு மேல் வெளிப்பட்டால் தாங்காது என்று தோன்றியதால் தலையாட்டினேன்.

நல்ல நாட்கள் அவை. ஆற்றில் மாடிக் கப்பல்கள் இன்னும் மலிந்திராத காலம். வடக்கே போகும்போது நீரோட்டம் நம் பக்கம், காற்று எதிர்ப்பக்கம். அதனால் படகு ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்குக் குறுக்கே சாய்ந்து சாய்ந்து, கடன்காரனைத் தவிர்க்கிறவன் தெருவில் நடப்பதுபோலப் போகும். ஹஸபல்லா அவித்த மொச்சையில் எலுமிச்சை பிழிந்து கொடுப்பான். அக்கா பயணிகளுக்கான மெத்தையில் சாய்ந்துகொண்டு, "ஹஸபல்லா, இந்த வெள்ளைக்காரிக்கு இன்னொரு தேநீர்," என்பாள். அவன் குனிந்து வணங்கிக் கொடுப்பான். பக்ரி மட்டும் சுக்கானைப் பிடித்தபடி, வாழ்க்கையில் முதன்முறையாக, தாளில் போட்டிருந்த மாதிரியே மௌனமாக இருந்தார்.

கோம் ஓம்போ கோயில் கண்ணில் பட்டதும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"வாத்தியாரே, அதுக்குள்ள மீன் இருக்கா?"

"முதலை இருக்கு மச்சான். முதலைத் தலை வெச்ச சாமி."

"பச்சையா?"

"கல்லு கலரு."

பிறகுதான் உள்ளே, வெளியே விவகாரம் முழுவதையும் சொன்னார். "ஊர்ல சிரிப்பாங்க, அது போயிட்டுப் போகுது. வீட்டுக்கு வந்தா இனிமே கேக்க மாட்டாளே. 'உள்ள என்ன இருந்துச்சு'ன்னு கேக்க மாட்டா. தேநீர வெச்சிட்டுப் போயிருவா."

அவருக்கு அந்தப் பயணத்தில் இருந்த பயம் அவ்வளவுதான்.

கரை சேர்ந்ததும், "வாங்க, முன்னாடி போங்க. நீங்கதான கேப்டன்," என்றாள் அக்கா. படகை விட முடியாது என்றார் அவர். நானும் அவளும் போனோம். அவள் தூண் தூணாக, சுவர் சுவராகப் பார்த்தாள். முதலைச் சாமியைச் சுற்றி மீனைத் தேடினாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள். மேலே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"தம்பி, கூரை எங்க?"

"விழுந்துருச்சுக்கா."

"எப்போ?"

"ரொம்ப காலமாச்சு."

"ஸனிய்யா அப்பா வந்துட்டுப் போனதுக்கு அப்பறமா?"

ஸனிய்யா அவர்கள் மகள். அவள் வயதை எத்தனை மடங்கு பெருக்கினாலும் அந்தக் கூரை விழுந்த காலத்துக்குப் போய்ச் சேராது. "இருக்கலாம்," என்றேன். சரித்திரத்துக்கு நான் செய்த ஒரே சேவை என்று அதைச் சொல்லலாம்.

திரும்பி வந்தபோது பக்ரி ஏற்கெனவே கட்டியிருந்த கயிற்றை மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. அக்கா பலகையில் ஏறினாள். "பசிக்குது," என்றாள். ரொட்டியும் வெங்காயமும் தின்றாள். அவரிடம் எதுவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஹஸபல்லா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சமயம் பார்த்துத் தூங்கப் போனான்.

மறுநாள் மத்தியானம் காற்று நின்றுபோனது. சில்சிலாவின் கல் மலைகள் நெருங்கும் இடத்தில், கரையோரம் ஒதுங்கிப் படகை நிறுத்தினோம். எல்லோரும் சோம்பிக் கிடந்தார்கள். அக்கா மல்லாந்து படுத்திருந்தாள். வெயில் தண்ணீரில் பட்டுத் தெறித்து, மேலே கட்டியிருந்த துணிப் பந்தலின் அடிப்பக்கம் முழுக்க ஆடிக்கொண்டிருந்தது. பயணத்தின் ஆரம்பத்திலிருந்தே ஆடிக்கொண்டிருந்ததுதான். அவள் இப்போதுதான் பார்த்தாள்.

மெல்ல எழுந்து, விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்தாள். கண்ணாடிப் பச்சைத் தண்ணீர். படகின் நிழலில் ஒரு மீன், முழங்கை நீளத்துக்கு, வாலைக்கூட ஆட்டாமல் நின்றது.

அவள் நெடுநேரம் நிமிரவில்லை.

"ஹஸபல்லா," என்று கூப்பிட்டாள் கடைசியில், தாழ்ந்த குரலில். "உங்க ரயிஸ் எங்கன்னு கேட்டா நீ என்ன சொல்லுவ?"

அவன் அரைத் தூக்கத்தில் சொன்னான்: "உள்ளதான் இருக்காருன்னு சொல்லுவேன். ஏன், கரைல போயி என்ன பண்ணுவாரு?"

அக்கா மறுபடி படுத்துக்கொண்டாள். முகத்தில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள். துணிக்கு அடியில் தோள் குலுங்கியது. அழுகை என்று நினைத்துப் பக்ரி சுக்கானருகே உட்கார்ந்தபடியே வெளுத்துப்போனார். எனக்கு அவளைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அவள் சிரிக்கும்போது சத்தம் வராது.

எத்ஃபூவில் அவள் கோயிலுக்குப் போக மாட்டேன் என்றுவிட்டாள். கால் வலியாம். எல்-காப் வந்ததும் வலி போய்விட்டது. அங்கே மலைச்சரிவில் பழைய கல்லறைகள். அதில் ஒன்றில் சுவரெல்லாம் சாயம் மங்காமல் இருந்தது: உழுகிறவர்கள், திராட்சை பறிக்கிறவர்கள், விருந்தில் பூவை முகர்கிறவர்கள். ஒரு மூலையில் படகு. அக்கா அதன் முன்னால் மட்டும் நின்றாள்.

இறங்கி வந்தபோது பக்ரி இனி தாங்க முடியாது என்ற நிலையில் இருந்தார். அவர்கள் வீட்டில் எப்போதும் அவள் கேட்கிற கேள்வியை அவர் கேட்டார்.

"உள்ள என்ன இருந்துச்சு?"

அக்கா செருப்பை உதறி மணலைத் தட்டினாள். "நீங்க சொன்னதுதான். மீன் மட்டும் கொஞ்சம் சின்னது."

அவர் கையிலிருந்த கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

"அப்பறம், ஒரு படகு வரைஞ்சிருக்கு. அத்தன பேரும் வேலை செய்யறாங்க. பின்னாடி ஒருத்தன் சுக்கானப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கான். உங்கள மாதிரியே. வேலைன்னு ஒண்ணும் இல்ல, நல்லா சாப்பிட்டிருக்கான்." கையை நீட்டினாள். "கயித்தக் குடுங்க. நான் படகப் பாத்துக்கறேன். போயி ஒங்களப் பாத்துட்டு வாங்க."

ரயிஸ் பக்ரி கயிற்றைக் கொடுத்தார். அவரும் நானும் மலையேறினோம். கல்லறை வாசலில் செருப்பைக் கழற்றினார். அது எதற்கென்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. நிலையைப் பிடித்தார். ஒரு காலைத் தூக்கினார். பிறகு திரும்பி, கீழே ஆற்றைப் பார்த்தார். படகின் முனை நீரோட்டத்தில் கொஞ்சம் விலகியிருந்தது. அக்கா இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தபடி, பாவம், எருமையை இழுப்பதுபோல நின்றிருந்தாள்.

தூக்கிய காலை வெளியிலேயே வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

"பாத்தீங்களா?" என்றாள் அக்கா.

"பாத்தேன்."

"உள்ள என்ன இருந்துச்சு?"

கயிற்றை வாங்கிக்கொண்டே சொன்னார்: "நீ சொன்னதுதான்."

அவள் இன்னொரு முறை முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் அவர் பயணம் முடித்து வரும்போதெல்லாம் தேநீரோடு அந்தக் கேள்வி வந்தது. கல்யாண வீடுகளில் மீன் முன்னைவிடப் பெரிதாகவே நின்றது. நிறுவனம் மூடிப்போனது. அந்தத் தாளைக் கண்ணாடி போட்டு அக்கா சுவரில் மாட்டியிருந்தாள், வெங்காயம் உரித்தவரின் படத்தோடு. இன்று அக்காவும் பக்ரியும் இல்லை. தாள் என்னிடம் இருக்கிறது. யாராவது கேட்டால் திருத்திச் சொல்கிறேன்.

பக்ரி எந்தக் கோயிலுக்குள்ளும் போகவில்லை. அஸ்வானுக்கும் எஸ்னாவுக்கும் நடுவே படகு ஓட்டினார். மற்றவர்கள் இறங்கிப் போனபோது படகோடு இருந்தார். வீட்டுக்கு வந்து, பார்த்ததை மனைவியிடம் சொன்னார்.