தமிழ் தெரியாத டீச்சர்

மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கில் டியூஷன் சென்டர் நடத்திய அம்மையார், நான் இங்லீஷ் டீச்சராகச் சேர்ந்த முதல் நாளே ஒரு நிபந்தனை வைத்தார். "ஒங்களுக்குத் தமிழ் தெரியும்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா பிள்ளைங்க இங்லீஷே பேசாதுங்க." டெல்லியிலிருந்து டீச்சர் வருவதாகப் பெற்றோரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். நான் திண்டுக்கல்காரி. விழுப்புரத்துக்கு வடக்கே போனதே இல்லை. விமானம்கூட திருச்சியில்தான் ஏறினேன்.

வகுப்பறைக்குப் பின்னால் ஓர் அறையில் என்னைத் தங்க வைத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் மலையை வெட்டிய மண்சுவர். அம்மாவுக்கு போன் பேச வேண்டுமென்றால் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் பேசுவேன். கீழே சாப்பாட்டுக் கடையில் விரலால் காட்டிக் கேட்பேன். "பாவம், இந்திக்காரி. காரம் தாங்காது," என்று சொல்லி ஊறுகாய் வைக்காமலே தட்டைத் தருவார்கள். ஊறுகாய் கேட்க எனக்கு வாய் இல்லை.

ஊருக்கே திரும்பிவிடலாம் என்று மூன்றாம் மாதம் தோன்றியது. வேலை பெர்மிட்டுக்காக அம்மையார் வாங்கி வைத்திருந்த பாஸ்போர்ட்டை இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். "எங்கிட்ட பத்திரமா இருக்குலா," என்றார். இரண்டு வருஷ பெர்மிட், அதுவும் அவர் பெயரில். வேறு இடத்தில் வேலை தேடவும் வழியில்லை.

என்னிடம் படித்தவர்களில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். அவளுடைய அம்மா எஸ்டேட்டில் சுற்றுலாக்காரர்களுக்கான தேநீர்க் கடையில் வேலை பார்த்தார். வகுப்பு முடியும் வரை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் நான் பக்கத்திலேயே நோட்டுத் திருத்திக்கொண்டிருக்க, அவர் தங்கையிடம் போனில் பேசினார். "ஈப்போவுல ஒரு ரூம் பாருடி. பிள்ளையக் கூட்டிக்கிட்டு வந்துர்றேன். இனி அடி வாங்க ஒடம்புல தெம்பில்ல. அவருக்குத் தெரியக் கூடாது." பேசி முடித்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒன்றும் புரியாதவளாக நானும் சிரித்தேன்.

மழைக்காலத்தில் ஒரு பிற்பகல், எஸ்டேட் பாதையில் மண் சரிந்துவிட்டது என்று செய்தி வந்தது. மற்றப் பிள்ளைகளை வந்து கூட்டிப் போய்விட்டார்கள். அந்தச் சிறுமி மட்டும் நின்றாள். அவள் அம்மாவின் போன் கிடைக்கவில்லை.

"டீச்சர், எங்கம்மா மண்ணுல மாட்டிக்கிட்டாங்களா?"

"இங்லீஷ், ப்ளீஸ்," என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது.

அவள் உதடு அசைந்தது. 'அம்மா' என்பதற்கு அவளிடம் வார்த்தை இருந்தது. மற்றதற்கு இல்லை. திரும்பி நின்று சத்தமில்லாமல் அழுதாள். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. அவளைப் பிடித்து மடியில் உட்கார வைத்தேன். "ஒண்ணும் ஆகாதுடா தங்கம். ரோட்டை அடைச்சிருப்பாங்க. சுத்தி வர நேரமாகும்ல," என்றேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தாள்.

ஆறு மணிக்கு யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிளில், நனைந்து நடுங்கிக்கொண்டு அவள் அம்மா வந்தார்.

"அம்மா! டீச்சர் தமிழ் பேசுறாங்க!"

மகளைக் கட்டிக்கொண்டவர் அப்படியே நிமிர்ந்தார். "தெரியுமா?"

"தெரியும்."

"மொதல்ல இருந்தேவா?" நான் தலையசைத்தேன். "ஒங்க பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் பேசினேனே டீச்சர்."

"நான் யார்கிட்டயும் சொல்லலக்கா."

"சொல்லலதான். கேட்டீங்கல்ல."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் சிறுமி வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். வேலை போகும், அந்தச் சாக்கில் பாஸ்போர்ட்டும் கைக்கு வரும் என்று எனக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. அம்மையார் அதற்கும் வழி வைத்திருந்தார். "டீச்சர் பிள்ளைங்ககிட்டயே தமிழ் கத்துக்கிட்டாங்கன்னு சொல்லிட்டேன். எல்லாருக்கும் ஒரே பெருமை. இனிமே கொஞ்சம் ஒடச்சு ஒடச்சுப் பேசுங்க."

அன்றிலிருந்து என் தாய்மொழியைத் தப்பாகப் பேசினேன். "அம்மா எங்கே போறான்?" என்று கேட்பேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்து, "போறாங்க, டீச்சர்!" என்று திருத்துவார்கள். மற்ற அம்மாக்கள் என்னைப் பாராட்டும்போது, சிறுமியின் அம்மா படிக்கட்டின் அடியில் நின்று நிமிர்ந்து பார்ப்பார். அம்மாக்களில் உண்மை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து அவரும் மகளும் வருவது நின்றது. ஈப்போவுக்குத்தான் போயிருப்பார்கள் என்று நம்பிக்கொண்டேன்.

எனக்கு இன்னும் பதினாறு மாதம் இருந்தது. அதைப் பேசித்தான் கழித்தேன், ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்க்கு வரும் முன் மனதில் ஒரு முறை உடைத்து.