பேனரில் இருந்த தாய்மாமன்

செயற்கை நுண்ணறிவு நல்லதா கெட்டதா என்று யாராவது பேச ஆரம்பித்தால் என் கை தானாக வழுக்கைத் தலைக்குப் போய்விடும்.

வைத்திக்குப்பத்தில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் என்பதால் பேனரில் என் படம்தான் பெரிது. சென்னையில் இருந்தபடியே ஒரு ஏஐ செயலியில் என் போட்டோவைப் போட்டு, "கொஞ்சம் பளிச்சுன்னு ஆக்கு" என்றேன். அது தலை நிறைய முடி வைத்து, இருபது வயதைக் குறைத்துத் தந்தது. கூச்சமே இல்லாமல் அனுப்பிவைத்தேன்.

வீட்டு வாசலில் அந்த பேனர் ஒரு வாரம் நின்றது. குழந்தை என்னைப் பார்த்ததே குறைவு என்பதால் அக்கா தினமும் அதைக் காட்டி, "அதான் உன் மாமா, அவரு மடியிலதான் உக்காரணும்" என்று பழக்கியிருக்கிறாள்.

விழாவன்று என் மடியில் உட்காரவைத்ததும் குழந்தை என் தலையை ஒருமுறை பார்த்தது. "இது மாமா இல்ல" என்று இறங்கி ஓடியது. நாலு பேர் பிடித்துவந்து என் மடியில் அழுத்த, ஆசாரி காதைக் குத்தினார். குழந்தை என் கையைக் கடித்தது.

கிளம்பும்போது அக்கா, "மாமாவுக்கு டாட்டா சொல்லு" என்றாள். குழந்தை என்னைத் தாண்டி பேனரைப் பார்த்துக் கையாட்டி, ஒரு முத்தமும் கொடுத்தது.

சென்னை போய்ச் சேரும்வரை பஸ்ஸில் கையைத் தேய்த்துக்கொண்டே அந்த பேனரில் இருந்தவன்மேல் பொறாமைப்பட்டேன்.